இக்னிஷனை மாற்றிய பிறகு மிஸ்ஸிங் அடிக்கிறதா? வடசென்னை லோடு வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மிஸ்ஸிங் என்றால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் பற்றாமல் என்ஜின் அடி விட்டு விட்டு ஓடுவது. பாயிண்ட் செட்டை (காயிலுக்குப் போகும் கரண்டை வெட்டி வெட்டிப் பொறி கிளப்பும் பழைய சுவிட்ச்) கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் கிட் (அதே வேலையைச் செய்யும் சென்சாரும் மாட்யூலும்) போட்டவர்கள், பழைய காயிலை (12 வோல்ட்டைப் பொறிக்கு வேண்டிய வோல்டேஜாக உயர்த்துவது) எடுத்துவிட்டுப் பெரிய காயில் மாட்டியவர்கள், ப்ளக்கும் வயரும் புதிதாகப் போட்டவர்கள் எல்லோரும் வேலை முடிந்த கையோடு வந்து கேட்கிற கேள்விகள் இவை. தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, மாதவரம், மணலி, எண்ணூர் பக்கம் ஓடும் வண்டிகளை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

என்னுடையது டீசல் குட்டி யானை. எனக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. டீசல் என்ஜினில் தீப்பொறி அடிக்கும் ப்ளக்கும் இல்லை, காயிலும் இல்லை. காற்றை நெருக்கும்போது வரும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். 2005-ல் வந்த முதல் டாடா ஏஸ், 702 சிசி டீசல். அந்த வண்டி மிஸ்ஸிங் அடித்தால் இன்ஜெக்டரையும் டீசல் லைனில் காற்று ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். இங்கே பேசுவது பெட்ரோல், சிஎன்ஜி வண்டிகளைப் பற்றி: பழைய பெட்ரோல் ஜீப் பிக்கப், கார்புரேட்டர் வைத்த ஆம்னி, பெட்ரோல் ஏஸ், சூப்பர் கேரி போன்றவை.

மிஸ்ஸிங்தானா, வேறு கோளாறா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஐடிலில் விட்டுவிட்டு சைலன்சர் முனைக்கு நேராக ஒரு தாளைப் பிடியுங்கள். நல்ல என்ஜின் தாளை ஒரே சீராகத் தள்ளும். ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்றால் இடையிடையே தாள் தொய்ந்து, சில சமயம் உள்பக்கமாகக்கூட இழுபடும். காதுக்கும் தெரியும்; தாளம் தப்பிப்போன மாதிரி ஒரு அடி விட்டு விட்டு வரும்.

ஐடிலில் ஒன்றும் தெரியாமல் லோடு ஏற்றி மூலக்கடை மேம்பாலம் ஏறும்போது மட்டும் வண்டி குலுங்கினால் அதுவும் மிஸ்ஸிங்தான். இன்னும் சொன்னால், இக்னிஷன் கோளாறின் அசல் அடையாளமே அதுதான். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் ப்ளக் முனையில் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். பலவீனமான இடம் எங்கேயாவது இருந்தால் கரண்ட் ப்ளக்குக்குப் போகாமல் அந்த வழியாக ஓடிவிடும். அதனால் வண்டியை ஷெட்டுக்குள் நிறுத்தி ரேஸ் கொடுத்துப் பார்த்துவிட்டு "சரியாகிவிட்டது" என்று சொல்பவரை நம்பாதீர்கள். லோடோடு ஒரு ஏற்றம் ஏற்றிப் பார்த்துச் சொல்லட்டும்.

பாயிண்ட் செட்டில் நன்றாக ஓடிய வண்டி, எலக்ட்ரானிக் கிட் போட்டதும் ஏன் மிஸ்ஸிங் அடிக்கிறது? கிட்டில்தானே கோளாறு?

அப்படி இருக்கவும் செய்யும். ஆனால் அனேகமாக இருக்காது.

பாயிண்ட் இருந்தபோது அந்த காயில் வெளியே தள்ளிய வோல்டேஜ் 20,000 சுற்றுவட்டாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாட்யூலும் வலுவான காயிலும் சேர்ந்தால் அது 30,000-ஐத் தாண்டும். பத்து வருஷமாக வெயிலில் காய்ந்த ப்ளக் வயரும் உள்ளே தூசி படிந்த டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் பாகம்) கேப்பும் 20,000-ஐத் தாங்கிக்கொண்டிருந்தன. 30,000-ஐத் தாங்க அவற்றால் முடியாது. பழைய ரப்பர் டியூப்பில் பெரிய மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் தள்ளினால் எங்கே பிய்த்துக்கொள்ளுமோ அதே கதை. கோளாறு நேற்றே இருந்தது, இன்றைக்குத்தான் வாய் திறக்கிறது.

இன்னொரு காரணம் கை பட்ட இடம். கிட் போடும்போது ப்ளக் வயரைப் பிடுங்கியிருப்பார்கள், என்ஜினின் உறிஞ்சலை டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கொண்டுபோகும் வேக்கம் டியூப்பைக் கழற்றியிருப்பார்கள், டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பியிருப்பார்கள். இதில் ஏதாவது ஒன்று பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருந்தாலே போதும். காலையில் ஓடிய வண்டி வேலைக்குப் பிறகு ஓடவில்லை என்றால், அன்று யாரும் தொடாத கார்புரேட்டரைப் பிரிப்பது வெட்டி வேலை. ஆனாலும் பிரிக்கிறார்கள்!

சரி, முதலில் எதைப் பார்ப்பது?

காசு செலவில்லாத இடத்திலிருந்து தொடங்குங்கள். ப்ளக் வயர் ஒவ்வொன்றையும் கேப்பில் அழுத்திப் பாருங்கள். உள்ளே போய் உட்காரும்போது 'டக்' என்று கைக்குத் தெரியும். ரப்பர் மூடி இறங்கியிருந்தாலும் உள்ளே பித்தளை முனை பாதியில் நிற்கும், ஏமாறாதீர்கள்.

அடுத்து ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் பொறி வாங்கும் வரிசை. நான்கு சிலிண்டர் வண்டிகளில் பெரும்பாலும் 1-3-4-2. ரோட்டார் (கேப்புக்குள் சுற்றும் முனை) எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்பதைக் கேப்பைக் கழற்றி, ஒருவரை ஸ்டார்ட்டர் தட்டச் சொல்லிக் கண்ணால் பாருங்கள். அந்தத் திசையில்தான் வயர்களை எண்ண வேண்டும். எதிர்த்திசையில் எண்ணி மாட்டினால் 1-ம் 4-ம் சரியாக அமைந்துவிடும், 2-ம் 3-ம் இடம் மாறிவிடும். வண்டி ஸ்டார்ட்டும் ஆகும், பாதி என்ஜினில் தடதடத்துக்கொண்டு கார்புரேட்டர் வழியாகத் தும்மவும் செய்யும். டிஸ்ட்ரிபியூட்டரை முழுதாக வெளியே எடுத்திருந்தால் பல் ஒன்று தள்ளி உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பிறகு வேக்கம் டியூப். கழற்றிய டியூப்பைத் திரும்ப மாட்டாமல் விட்டால் அதன் வழியாக வெளிக்காற்று உள்ளே போய், ஐடிலில் அப்பட்டமாக மிஸ்ஸிங் மாதிரியே நடிக்கும்.

ஐடிலில் சரியாக இருக்கிறது. ரேஸ் கொடுத்தால் மட்டும் வெட்டுகிறது. எல்லாம் செக் பண்ணியாகிவிட்டது.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் போகும் மெல்லிய வயரைச் செக் பண்ணினீர்களா?

எலக்ட்ரானிக் கிட் போட்டவர்களுக்கு என்று தனியாக வரும் கோளாறு இது. பாயிண்ட் இருந்த தட்டின் மேல்தான் புது சென்சார் உட்காருகிறது. வேக்கம் அட்வான்ஸ் (உறிஞ்சலைப் பொறுத்துப் பொறியை முன்னதாக்கும் அமைப்பு) வேலை செய்யும்போது அந்தத் தட்டு இப்படியும் அப்படியும் திரும்பும். சென்சாரிலிருந்து வெளியே வரும் வயரைக் கொஞ்சம்கூடத் தளர்வு விடாமல் இழுத்துக் கட்டியிருந்தால், தட்டு திரும்பும் ஒவ்வொரு தடவையும் வயர் முறுக்கப்படும். மேலே பிளாஸ்டிக் உறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு இழை அறுந்திருக்கும். ஐடிலில் இரண்டு நுனியும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் தட்டு திரும்பி, நுனிகள் பிரிந்து, ஒரு கணம் கரண்ட் போய்விடும்.

கண்டுபிடிப்பது சுலபம். வேக்கம் டியூப்பை டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் கழற்றி, டியூப்பின் வாயை ஒரு ஸ்க்ரூவால் அடைத்துவிட்டு வண்டியை ஓட்டிப் பாருங்கள். பிக்கப் கொஞ்சம் மந்தமாக இருக்கும், ஆனால் வெட்டு நின்றுவிட்டால் அந்த வயர்தான் குற்றவாளி. கேப்பைக் கழற்றி, தட்டைக் கையால் தள்ளிக்கொண்டே மல்டிமீட்டரில் பார்த்தால் உறுதியாகிவிடும். அப்படியே இன்னொன்றையும் கவனியுங்கள். தட்டுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உடலுக்கும் நடுவே பின்னல் போட்ட சிறிய எர்த் வயர் ஒன்று இருக்கும். பாயிண்ட் செட்டைக் கழற்றும்போது அதன் ஸ்க்ரூவும் சேர்ந்து வரும். திரும்ப மாட்ட மறந்தால் எர்த்துக்கு வழியில்லாமல் தட்டு மிதக்கும்.

காந்த வளையம் வைத்த கிட் என்றால், வளையம் ஷாஃப்டில் அடிவரை இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் ரோட்டாரும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். கேப்பின் உள்பக்கம் ரோட்டார் உரசிய கோடு பளிச்சென்று தெரிந்தால் கேப்பைக் குறை சொல்லாதீர்கள், வளையத்தைத் தட்டி உட்கார வையுங்கள். ஷாஃப்ட் புஷ் தேய்ந்து பக்கவாட்டில் ஆடினாலும் சென்சார் இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்துக்கு எந்த கிட்டும் மருந்தில்லை, புஷ் போட வேண்டியதுதான்.

கிட்டுக்கு 12 வோல்ட் எங்கிருந்து எடுப்பது? பழைய காயிலுக்கு வந்த வயரிலேயே கொடுத்துவிட்டார்கள்.

அந்த வயரில் பேலஸ்ட் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் வெள்ளைப் பீங்கான் கட்டையாகத் தனியே தெரியும். சிலவற்றில் தடை வயராக உள்ளே மறைந்திருக்கும். பாயிண்ட் எரியாமல் இருக்க, என்ஜின் ஓடும்போது காயிலுக்கு முழு 12 வோல்ட் போகாமல் குறைப்பதுதான் அதன் வேலை. மாட்யூலுக்கோ முழு வோல்டேஜ் வேண்டும்.

இக்னிஷன் ஆன் செய்து மீட்டரின் சிவப்பு முனையை மாட்யூலின் பாசிட்டிவ் வயரிலும் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். என்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 8, 9 என்று காட்டினால் பேலஸ்டுக்குப் பின்னாலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மாட்யூலுக்குத் தனியாக இக்னிஷன் சுவிட்சிலிருந்து ஃப்யூஸ் வைத்து ஒரு வயர் இழுத்துவிடுங்கள். காயிலுக்கு பேலஸ்ட் வேண்டுமா வேண்டாமா என்பது காயிலைப் பொறுத்தது, கீழே சொல்கிறேன்.

ஸ்டார்ட்டர் தட்டும்போதும் அளந்து பாருங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியோ கேபிளோ சோர்ந்திருக்கிறது. அந்த நேரத்தில் மாட்யூல் தடுமாறும்.

எர்த் எர்த் என்கிறார்களே, பேட்டரி டெர்மினலைச் சுத்தம் செய்தால் போதாதா?

போதாது. காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றும் வண்டியின் அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். ஐஸ் உருகி ஒழுகும் உப்புத் தண்ணீர் லோடு பாடியின் இடுக்கு வழியாக சேஸிஸ் மேல் சொட்டிக்கொண்டே இருக்கும். பல சிறு லாரிகளில் பேட்டரியும் எர்த் கேபிளும் சேஸிஸ் ஓரத்தில்தான் இருக்கின்றன. போல்ட்டைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். கேபிள் நுனியில் உள்ள லக்குக்குள் செம்பு கறுத்துப் பொடியாகியிருக்கும். வெளியே கிரீஸ் தடவிப் பளபளப்பாக வைத்திருந்தாலும் பயனில்லை.

அளந்தால் உண்மை தெரியும். மீட்டரை 2 வோல்ட் ரேஞ்சில் வைத்து ஒரு முனையை என்ஜின் பிளாக்கில், இன்னொன்றை பேட்டரி நெகட்டிவ் முனையில் அழுத்திப் பிடியுங்கள். என்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. ஸ்டார்ட்டர் தட்டும்போது 0.5-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் கேபிளைக் கழற்றி, போல்ட் உட்காரும் இடத்தை வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, புது லக் அடித்து மாட்டுங்கள். முறுக்கிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவலாம்.

பாயிண்ட் காலத்தில் இந்த எர்த் குறை பெரிதாகத் தெரியாது. எலக்ட்ரானிக் மாட்யூலுக்கு அரை வோல்ட் தடுமாற்றமே குழப்பத்தைக் கொடுக்கும்.

பழைய காயில் போதுமா, புது காயில் கட்டாயமா?

கிட் கம்பெனி என்ன ஓம் கேட்டிருக்கிறதோ அதற்குள் இருந்தால் பழையதே போதும். என்ஜின் ஆறிய பிறகு காயிலின் இரண்டு சின்ன முனைகளுக்கு நடுவே அளந்து பாருங்கள். 3 ஓம் பக்கம் காட்டினால் பேலஸ்ட் இல்லாமல் நேராக 12 வோல்ட்டில் ஓடும் காயில். 1.5 ஓம் பக்கம் என்றால் பேலஸ்டோடு சேர்த்து வடிவமைத்தது. 0.7 ஓம் என்று காட்டும் "ரேசிங்" காயிலைச் சாதாரண கிட்டில் மாட்டாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 12-ஐ 0.7-ஆல் வகுத்தால் 17 ஆம்பியர். கரண்டைக் கட்டுப்படுத்தும் வசதி இல்லாத மாட்யூல் அந்தச் சூட்டில் வெந்துவிடும். நடுமுனைக்கும் பக்கமுனைக்கும் இடையே 6 முதல் 12 கிலோ ஓம் வரை காட்டுவது வழக்கம்.

முனைகளை மாற்றி மாட்டிவிட்டாலும் வண்டி ஓடும், அதுதான் ஆபத்து. ப்ளக்கின் நடுமுனை சூடாக இருக்கும், அங்கிருந்து பொறி கிளம்புவது எளிது. பாசிட்டிவ், நெகட்டிவ் மாறினால் பொறி எதிர்ப்பக்கத்திலிருந்து தாண்ட வேண்டியிருக்கும். அதற்குக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். விளைவு, ஐடிலில் சரி, லோடில் மிஸ்ஸிங்.

குளிர்ந்திருக்கும்போது ஓடுகிறது, அரை மணி நேரம் ஓடியதும் மிஸ்ஸிங். ஆறினால் திரும்பச் சரி.

காயில் அல்லது மாட்யூல். மே மாத வெயிலில் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது என்ஜின் அறைக்குள் காற்றோட்டமே இருக்காது. மாட்யூலை என்ஜின் மேலேயே ஸ்க்ரூ அடித்திருந்தால் அங்கிருந்து கழற்றி, காற்றுப் படும் இரும்புத் தகட்டில் வைத்து மாட்டுங்கள். சந்தேகம் எதில் என்று பிரிக்க, மிஸ்ஸிங் வந்ததும் வண்டியை நிறுத்தி ஈரத்துணியைக் காயில் உடம்பில் மட்டும் சுற்றிக் குளிர வையுங்கள். இக்னிஷன் ஆஃப் ஆகியிருக்கட்டும். சரியானால் காயில், இல்லை என்றால் மாட்யூலுக்கு வாருங்கள்.

கண்டன்சரைக் கழற்ற வேண்டுமா?

ஆமாம். பாயிண்ட் முனை கருகாமல் இருக்க வைத்தது அது. கிட்டோடு வந்த தாளில் வைக்கச் சொல்லியிருந்தால் ஒழிய அதற்கு இனி வேலை இல்லை.

ப்ளக் இடைவெளி எவ்வளவு வைப்பது? ஆளுக்கொரு அளவு சொல்கிறார்கள்.

பாயிண்ட் இருந்தபோது 0.6, 0.7 மி.மீ. வைத்திருப்பீர்கள். எலக்ட்ரானிக் கிட் போட்டால் 0.8 முதல் 1.0 வரை திறக்கலாம் என்பார்கள். அகலமான பொறி கலவையை நன்றாகப் பற்றவைக்கும், உண்மைதான். ஆனால் திறந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. இடைவெளி கூடக்கூட வோல்டேஜ் தேவையும் கூடும். பழைய வயர், பழைய கேப்போடு 1.1 வைத்தால் மிஸ்ஸிங்கைக் கூலி கொடுத்துக் கூப்பிட்ட மாதிரி. முதலில் பழைய அளவிலேயே வைத்து ஓட்டுங்கள். நன்றாக ஓடினால் அப்புறம் 0.1 திறந்து பாருங்கள்.

ஃபீலர் கேஜ் இல்லாமல் கண்ணால் பார்த்து வைப்பதை விடுங்கள். கடையில் புதிதாக வாங்கும் ப்ளக்கும் கீழே விழுந்திருந்தால் இடைவெளி மூடியிருக்கும். பீங்கானில் மயிரிழை விரிசலும் இருக்கும்.

கழற்றிய ப்ளக்கின் நிறத்தையும் படியுங்கள். வெளிர் பழுப்பு, நல்லது. பஞ்சு மாதிரி உலர்ந்த கறுப்பு என்றால் கலவை அதிகம், அல்லது ரொம்ப நேரம் ஐடிலில் நிற்கும் வண்டி; துறைமுக கேட்டுக்கு வெளியே வரிசையில் காத்துக் கிடப்பவர்களின் ப்ளக் இப்படித்தான் இருக்கும். ஈரமாகப் பெட்ரோல் வாசனை அடித்தால் அந்த சிலிண்டரில் பொறியே வரவில்லை. எண்ணெய்ப் பசை என்றால் ரிங் அல்லது வால்வ் சீல், இக்னிஷனில் தேடாதீர்கள். வெள்ளை வெளேரென்று கொப்பளித்திருந்தால் அதிகச் சூடு, டைமிங்கை (பொறி அடிக்கும் நேரத்தை) பாருங்கள்.

பெட்ரோலில் அருமையாக ஓடுகிறது, சிஎன்ஜிக்கு மாற்றினால் மட்டும் மிஸ்ஸிங். காஸ் கிட் ஆளைப் பார்க்கவா?

முதலில் ப்ளக்கைப் பாருங்கள். சிஎன்ஜி கலவையில் பொறி தாண்டப் பெட்ரோலைவிடக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். அதனால் இக்னிஷனில் உள்ள குறை முதலில் காஸில்தான் வெளிப்படும். ப்ளக் இடைவெளியைப் பெட்ரோல் அளவிலிருந்து 0.1 அல்லது 0.2 மி.மீ. குறைத்துப் பார்த்தாலே பாதி வண்டிகள் அடங்கிவிடும்.

காஸ் மெதுவாக எரியும், டைமிங்கும் கொஞ்சம் முன்னதாக வேண்டும். அதற்கென்று அட்வான்ஸ் பிராசஸர் வைத்திருந்தால், புது இக்னிஷன் கிட் அதன் சிக்னலோடு ஒத்துப்போகிறதா என்று இரண்டையும் மாட்டியவர்கள் சேர்ந்துதான் பார்க்க வேண்டும். ஒருவரையொருவர் கை காட்டிக்கொண்டிருப்பார்கள், விடாதீர்கள்.

காஸில் நெடுநாள் ஓடிய வண்டி என்றால் டாப்பெட் கிளியரன்ஸும் (வால்வ் முழுதாக மூட விடும் சிறு இடைவெளி) செக் பண்ணுங்கள். எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டில் பதிந்து பதிந்து இடைவெளி மறைந்துபோகும். சூடானதும் வால்வ் முழுதாக மூடாது. எந்த காயில் போட்டாலும் அந்த மிஸ்ஸிங் போகாது.

காலையில் மட்டும், அல்லது மழை நாளில் மட்டும் மிஸ்ஸிங் வருகிறது. கடலோரம் என்பதாலா?

கடலோரமும் ஒரு காரணம், ஊரின் தூசியும் ஒரு காரணம். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை கடல் காற்றில் உப்பு. அத்திப்பட்டு பக்கம் அனல் மின்நிலையச் சாம்பல். எண்ணூர் துறைமுகத்தில் நிலக்கரித் தூள். இவை கேப்பிலும் காயில் தலையிலும் படிந்து, விடியற்காலை ஈரம் பட்டதும் கரண்ட் ஓடுவதற்குப் பாதை போட்டுக் கொடுக்கின்றன.

கேப்பைக் கழற்றி வெயிலில் சாய்த்துப் பிடித்து உள்பக்கம் பாருங்கள். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் பென்சிலால் கிறுக்கிய மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால் அதுதான் கார்பன் பாதை. துடைத்தால் போகாது, பிளாஸ்டிக்கே கருகி உண்டான கோடு அது. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. நாலு நாள் ஓடும், அடுத்த ஈரத்தில் அதே இடத்தில் திரும்ப வரும். கேப்பையும் ரோட்டாரையும் ஜோடியாக மாற்றுவதுதான் வழி. நடுவில் இருக்கும் கார்பன் குமிழ் ஸ்பிரிங்கில் துள்ளுகிறதா என்றும் விரலால் அழுத்திப் பாருங்கள்.

வயரைச் சோதிக்க இருட்டுதான் கருவி. இரவில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு என்ஜினை ஐடிலில் விட்டு, துணிக்குத் தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வயர்கள் மேல் பூப்போலத் தெளியுங்கள். ஓட்டை உள்ள வயரிலிருந்து என்ஜின் இரும்புக்கு நீலக் கீற்று தாவும், கூடவே 'சட் சட்' என்று சத்தம் வரும். அந்த நேரத்தில் வயரில் கை வைக்காதீர்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்திலேயே வர வேண்டாம். காஸ் வாசனை லேசாக அடித்தாலும் இந்தச் சோதனை கூடாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்ற வண்டிகள் தனி ரகம். எண்ணூர்ப் பக்கம் அந்தத் தண்ணீரில் எண்ணெயும் கலந்திருந்தது. அப்படி நின்ற வண்டியில் வயரிங் கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்காமல் புது இக்னிஷன் போடுவது காசுக்குக் கேடு.

செம்புக் கம்பி வைத்த ப்ளக் வயர் நல்லது என்று போட்டேன். கரண்ட் தாராளமாகப் போகுமாமே?

பாயிண்ட் வண்டிக்குச் சரி. எலக்ட்ரானிக் மாட்யூல், ஈசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) உள்ள வண்டிக்கு வேண்டாம். தடை இல்லாத வயர் ஒவ்வொரு பொறிக்கும் ரேடியோ இரைச்சலைக் கிளப்பும். சென்சார் அதையும் சிக்னல் என்று எடுத்துக்கொண்டு நேரம் கெட்ட நேரத்தில் பொறி போடும். ரெசிஸ்டர் வயர், ரெசிஸ்டர் ப்ளக் போடுங்கள்.

இரண்டு வயர்களை ஒன்றாகச் சேர்த்து டேப் சுற்றி அழகு பார்ப்பதும் வேண்டாம். 1-3-4-2 வண்டியில் 3-ம் 4-ம் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள், அடுத்தடுத்துப் பொறி வாங்குபவை. வயர்கள் ஒட்டி ஓடினால் 3-க்குப் போகும் கரண்ட் 4-லும் பொறி கிளப்பிவிடும். கிளிப் போட்டுப் பிரித்து வையுங்கள்.

டைமிங் பழைய குறியிலேயே வைத்தால் போதாதா?

போதாது. சென்சார் சிக்னல் கொடுக்கும் இடமும் பாயிண்ட் திறந்த இடமும் ஒன்றல்ல. டைமிங் லைட் போட்டு, வேக்கம் டியூப்பைக் கழற்றி அடைத்து, வண்டிப் புத்தகத்தில் சொன்ன ஆர்பிஎம்மில் வையுங்கள். அட்வான்ஸ் அதிகமானால் ஏற்றத்தில் கணகணவென்று நாக்கிங் வரும். பின்தங்கினால் இழுவை இருக்காது, என்ஜின் சூடாகும், சைலன்சரில் டப்பென்று வெடிக்கும். லைட்டின் ஒளியில் குறி ஒரே இடத்தில் நிற்காமல் அங்குமிங்கும் குதித்தால், ஷாஃப்ட் புஷ்ஷுக்கே திரும்பப் போங்கள்.

என்னுடையது புது மாடல். ப்ளக் மேலேயே காயில். அதை மாற்றிய பிறகு செக் என்ஜின் லைட் எரிகிறது.

ஸ்கேனர் போட்டுக் கோளாறு எண்ணைப் (code) படியுங்கள். பி0301 என்றால் 1-வது சிலிண்டர், பி0302 என்றால் 2-வது, இப்படியே போகும். பி0300 என்றால் ஒன்றில் நிற்காமல் மாறி மாறி வருகிறது. குறிப்பிட்ட சிலிண்டர் என்றால் அதன் காயிலை அடுத்ததோடு மாற்றி மாட்டி ஓட்டுங்கள். அந்த எண்ணும் கூடவே அடுத்த சிலிண்டருக்கு நகர்ந்தால் காயில் கெட்டது. நகராவிட்டால் ப்ளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று வரிசையாகப் போங்கள். ஒரே காயில் 1, 4-க்கும் இன்னொன்று 2, 3-க்கும் பொறி தரும் வண்டிகளில் ஜோடியாக இரண்டு சிலிண்டர் விழுந்தால் அந்தக் காயிலைச் சந்தேகப்படலாம்.

694 சிசி பெட்ரோல் ஏஸில் சிலிண்டரே இரண்டுதான். ஒன்று விழுந்தால் பாதி பலம் போச்சு, சந்தேகத்துக்கே இடமில்லை.

இந்த வண்டிகளில் என்ஜின் ஓடும்போது காயிலையோ ப்ளக் வயரையோ பிடுங்கிச் சோதிக்கும் பழைய பழக்கம் வேண்டாம். வழியில்லாத கரண்ட் மாட்யூலையோ ஈசியுவையோ தாக்கும்.

மிஸ்ஸிங்கோடு ரெண்டு நாள் ஓட்டலாமா? டெலிவரி இருக்கிறது.

கார்புரேட்டர் வண்டி என்றால் ஷெட் வரை போகலாம். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இறங்கி ஆயிலைக் கழுவும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் செக் என்ஜின் லைட் விட்டு விட்டு மின்னினால் நிறுத்திவிடுங்கள். எரியாத எரிபொருள் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதை உருக்கிவிடும். அதன் விலை ஒரு டெலிவரிக் காசில் அடங்காது.

பெரிய காயில் போட்டால் மைலேஜ், பவர் கூடுமா?

ஏற்கெனவே ஒழுங்காகப் பற்றிக்கொள்ளும் கலவையை இன்னும் பெரிய பொறியால் பற்றவைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. தேய்ந்த பாயிண்ட்டோடு ஓடிய வண்டிக்கு கிட் போட்டால் வித்தியாசம் தெரியும்; அது பழைய குறை நீங்கியதால் வந்தது. எலக்ட்ரானிக்கின் உண்மையான லாபம் வேறு. நான்கு சிலிண்டர் என்ஜின் 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 100 பொறி போடுகிறது. அந்த வேகத்தில் பாயிண்ட் தேயும், துள்ளும், அடிக்கடி இடைவெளி சரி செய்ய வேண்டும். கிட்டில் அந்தத் தொல்லை இல்லை. அதற்காக மட்டும் போடுங்கள்.

புது கிட் ஒரு மாதத்தில் செத்துவிட்டது. ஏன்?

இரண்டு காரணங்களை அதிகம் பார்க்கிறோம். ஒன்று, பாட்டு கேட்க இக்னிஷனை ஆன் செய்துவிட்டு என்ஜினை ஓட்டாமல் நிற்பது. என்ஜின் எந்த இடத்தில் நின்றது என்பதைப் பொறுத்து மாட்யூல் வழியாகக் காயிலுக்கு விடாமல் கரண்ட் போய் இரண்டும் சூடாகும். இன்னொன்று வெல்டிங். லோடு பாடிக்குக் கம்பி அடிக்க, கொக்கி ஒட்ட வண்டியை விடுவீர்கள். பேட்டரியைக் கழற்றாமல் ஆர்க் வெல்டிங் வைப்பார்கள். பேட்டரியின் இரண்டு முனையையும் கழற்றச் சொல்லுங்கள். வெல்டிங் எர்த் கிளாம்ப், ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இக்னிஷன் முழுக்கப் பார்த்தாயிற்று, இன்னும் அதே மிஸ்ஸிங்.

கம்ப்ரஷன் பாருங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் 10, 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வால்வ், ரிங், கேஸ்கெட் வேலை. அது சரியாக இருந்தால் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் காற்று ஒழுகுகிறதா பாருங்கள். கார்புரேட்டர் அதற்கும் பிறகுதான்.

கழற்றிய பாயிண்ட் செட்டையும் கண்டன்சரையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?

வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் பையில் ஃபீலர் கேஜோடு சேர்த்து டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். ராத்திரி மீஞ்சூருக்கு அப்பால் மாட்யூல் படுத்தால், பழைய செட்டை மாட்டி 0.4, 0.45 மி.மீ. இடைவெளி வைத்து வீடு வந்து சேரலாம். 3 ஓம் காயில் என்றால் நேராகவே ஓடும். 1.5 ஓம் காயில் என்றால் பேலஸ்ட் வயரில் கொடுங்கள், இல்லை என்றால் பாயிண்ட் வழியிலேயே கருகிவிடும்.